நகரங்களின் கஜானா – 17: பிரைட்னர் போட்ட வரி

மேயர் கார்ல் லூயேகர் 1910-இல் இறந்தபோது வியன்னாவின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. காஸ், மின்சாரம், டிராம் எல்லாம் நகராட்சியின் கையில் இருந்தன. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இரண்டாவது குடிநீர்க் குழாய் அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்தது. இவையெல்லாம் கடன் வாங்கிச் செய்தவை என்பதைச் சென்ற இதழில் பார்த்தோம். டிராமிலும் காஸிலும் லாபம் பார்த்துத்தான் நகராட்சி தன் செலவைச் சரிக்கட்டியது என்பதையும் பார்த்தோம். இவ்வளவு செய்த நகராட்சி, தொழிலாளிக்கு வீடு கட்டுவதை மட்டும் தன் வேலையாக நினைக்கவில்லை. அதை வீட்டுச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டது.

அப்படி விட்டதற்கான காரணத்தை வரவுக் கணக்கில் தேட வேண்டும். அன்றைய வியன்னாவின் வரி வருமானத்தில் பெரும்பகுதி வாடகையிலிருந்து வந்தது. சாம்ராஜ்ய அரசு வாடகைமீது ஒரு வரி போட்டது. நகராட்சி அதன் தலையில் தன் கூடுதல் வரியை ஏற்றியது. எல்லாம் சேர்த்தால் குடித்தனக்காரர் கொடுத்த வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகப் போனது. வாடகை ஏறினால் நகராட்சியின் வரவும் ஏறியது. நகராட்சித் தேர்தலில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் கனமான ஓட்டு. ஆகவே மன்றத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களின் குரல் ஓங்கி ஒலித்தது. வாடகை குறைய வேண்டும் என்று நினைப்பதற்கு அந்த மன்றத்தில் யாருக்கும் தேவை இருக்கவில்லை.

விளைவு எப்படி இருந்தது என்பதை 1917-இல் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பு காட்டியது. நகரத்து வீடுகளில் 73 சதவிகிதம் சிறு வீடுகள். ஓர் அறை, ஒரு சமையலறை, மிஞ்சினால் ஒரு சிற்றறை. அந்தச் சிறு வீடுகளில் 92 சதவிகிதத்துக்குள் கழிப்பறை கிடையாது. 95 சதவிகிதத்துக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது. மாடி நடைவழியில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கழிப்பறை. அந்த ஓர் அறை வாடகையையும் கொடுக்க முடியாதவர்கள் கட்டிலைத் தனியே வாடகைக்கு விட்டார்கள். இரவு வேலைக்குப் போகிறவர் பகலில் படுப்பார். பகல் வேலைக்காரர் இரவில் படுப்பார். காசநோய்க்கு ஐரோப்பாவில் 'வியன்னா நோய்' என்றே பெயர் வழங்கியது. நம் ஊர் ஒண்டுக்குடித்தனங்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முதல் உலகப் போர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. படைவீரர்களின் குடும்பங்களை வீதிக்குத் தள்ளக்கூடாது என்பதற்காக 1917-இல் அரசு வாடகையை உயராமல் நிறுத்தி வைத்தது. போர் முடிந்து சாம்ராஜ்யம் சிதறியது. பிறகு வந்தது பணவீக்கம். 1922-க்குள் ஆஸ்திரிய குரோனின் மதிப்பு போருக்கு முந்தைய மதிப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. வாடகை அதே பழைய எண்ணிக்கையில் நின்றதால், ஒரு மாத வாடகைக்கு உருப்படியாக எதையும் வாங்க முடியாத நிலை வந்தது. சொந்தக்காரர்கள் கையில் பழுது பார்க்கக்கூடப் பணம் இல்லை. புதிதாக வீடு கட்டிப் பிழைக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. 1922 டிசம்பரில் நாடாளுமன்றம் கொண்டுவந்த வாடகைச் சட்டம் இந்தப் பாதுகாப்பை நிரந்தரமாக்கியது.

வாடகை கரைந்ததோடு நகராட்சியின் பழைய வரியும் கரைந்தது. ஆனால் உள்நாட்டில் குரோனில் வாங்கிய பழைய கடனும் அதே பணவீக்கத்தில் கரைந்துபோனது. வரவும் கடனும் ஒருசேர அழிந்த வெற்றுக் கணக்குப் புத்தகம்தான் புதிய ஆட்சியின் கைக்கு வந்தது.

1919 மே 4-ஆம் தேதி நடந்த நகராட்சித் தேர்தலில் முதல்முறையாக ஆணும் பெண்ணும் எல்லோரும் சமமாக ஓட்டுப் போட்டார்கள். 165 இடங்களில் 100 இடங்களைச் சமூக ஜனநாயகக் கட்சி பிடித்தது. யாகோப் ராய்மான் மேயரானார். நிதிப் பொறுப்பு ஹியூகோ பிரைட்னரிடம் வந்தது. இந்த அத்தியாயத்தின் நாயகர் அவர்தான்.

பிரைட்னர் ஒரு வங்கிக்காரர். லேண்டர்பாங்க் என்ற பெரிய வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர். மேடைப் பேச்சில் அவருக்கு ஆர்வம் குறைவு, கணக்கில் கறார். வரவுக்கு மேல் செலவில்லை, கையிருப்பு இல்லாமல் திட்டமில்லை என்பது அவருடைய கொள்கை. இடதுசாரி ஆட்சி என்றால் கஜானா காலியாகும் என்று எதிர்பார்த்தவர்கள் அவரிடம் ஏமாந்தார்கள். பணவீக்கக் காலத்தில் வரி பாக்கி ஒரு மாதம் தள்ளிப்போனால் அதன் மதிப்பு பாதியாகிவிடும். ஆகவே அன்றன்றைய விலையோடு சேர்ந்து ஏறும் வரிகளை, சீக்கிரம் கைக்கு வரும் வரிகளைத் தேடித்தேடிப் போட்டார். டிராமும் காஸும் மின்சாரமும் அடக்க விலைக்கு ஓடினால் போதும், அவற்றிலிருந்து லாபம் எடுக்க வேண்டாம் என்றார். லூயேகர் காலத்துக் கணக்கு இங்கே முறிந்தது. டிராம் டிக்கெட் வாங்கும் தொழிலாளியிடமிருந்து நகரத்தின் செலவை வசூலிப்பதை நிறுத்தியதுதான் பிரைட்னரின் முதல் முடிவு என்று சொல்ல வேண்டும்.

ஆனால் வரி போட ஒரு நகராட்சிக்கு அதிகாரம் வேண்டுமே? இங்கேதான் அரசியல் சாசனம் கைகொடுத்தது. 1920-இல் இயற்றப்பட்ட ஆஸ்திரிய அரசியல் சாசனம் வியன்னாவைத் தனி மாநிலமாக்க வழிசெய்தது. 1922 ஜனவரி 1 முதல் அது கீழ் ஆஸ்திரியாவிலிருந்து முழுமையாகப் பிரிந்தது. அன்று முதல் வியன்னாவின் மன்றமே ஒரு சட்டமன்றம். மேயரே மாநிலத்தின் முதல்வர். தானே வரிச் சட்டம் இயற்றலாம். மத்திய அரசு வசூலித்துப் பகிர்ந்து கொடுக்கும் வரிகளிலும் மாநிலத்துக்கான பங்கு, நகராட்சிக்கான பங்கு என்று இரண்டும் கிடைக்கும். இந்த ஏற்பாடு இல்லாமல் பின்னால் வரப்போகும் எதுவும் நடந்திருக்காது. வியன்னாவின் குடியிருப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டடக் கலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த 1922 ஜனவரி 1-ஐ ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

1923 ஜனவரியில் மன்றம் குடியிருப்பு வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நகரத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் 1914-இல் என்ன வாடகை இருந்தது என்பது பதிவேட்டில் இருந்தது. பிரைட்னர் அதையே அளவுகோலாக எடுத்தார். பணவீக்கம் எதைக் குழப்பினாலும் எது பெரிய வீடு, எது சிறிய வீடு, எந்த வீதி மதிப்புள்ளது என்பதை அந்தப் பழைய வாடகை சரியாகச் சொல்லிவிடும். அடிமட்ட வாடகை வீட்டுக்கு மிகச் சிறிய விகிதம். மேலே போகப்போக விகிதம் செங்குத்தாக ஏறியது. எல்லோரும் கட்டினார்கள். ஓர் அறைக் குடித்தனக்காரரும் கட்டினார், ரிங் வீதி மாளிகைக்காரரும் கட்டினார். ஆனால் நகரத்தின் மிக விலையுயர்ந்த அரை சதவிகித இடங்களிலிருந்து மொத்த வசூலில் ஏறத்தாழ 45 சதவிகிதம் வந்தது. அடிமட்டத்தில் இருந்த 82 சதவிகித வீடுகள் சேர்ந்து கொடுத்தது 22 சதவிகிதம். இந்த வரியில் வரும் பணம் குடியிருப்பு கட்டுவதற்கு மட்டுமே செலவாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

பழைய வரியும் வாடகைமீது போட்டதுதான். புதிய வரியும் வாடகைமீது போட்டதுதான். பழையது எல்லாரிடமும் ஒரே விகிதத்தில் பிடுங்கி, வாடகையை ஏற்றி, நகரத்தின் பொதுச் செலவில் கரைந்தது. புதியது இருப்பவரிடம் அதிகமாகவும் இல்லாதவரிடம் கொஞ்சமாகவும் வாங்கி, செங்கல்லாக மாறித் திரும்பி வந்தது. வரியின் அடிப்படையை மாற்றாமலே அதன் குணத்தை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தத் தொடரில் இதுவரை வரவில்லை.

குடியிருப்பு வரி மட்டும் போதவில்லை. கட்டுமானச் செலவில் பாதிக்கும் குறைவாகவே அது ஈடுகட்டியது. மீதி பொதுக் கஜானாவிலிருந்து வந்தது. அந்தக் கஜானாவை நிரப்பத்தான் ஆடம்பர வரிகள். மோட்டார் காருக்கு வரி. பந்தயக் குதிரைக்கு வரி. வீட்டில் ஒரு வேலைக்காரர் இருந்தால் வரி இல்லை. இரண்டாமவர் வந்தால் வரி உண்டு, எண்ணிக்கை கூடக்கூட அதுவும் ஏறும். உயர்தர உணவகம், ஷாம்பெயின், நாடகம், சினிமா, குத்துச்சண்டை எல்லாவற்றுக்கும் வரி. நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத் தொகைமீது நலவரி. வங்கிகளுக்கு அதில் கூடுதல் விகிதம். எந்த வரி எந்தச் செலவுக்குப் போகிறது என்பதைப் பிரைட்னர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். பள்ளிக்கூடப் பல் மருத்துவமனைகளின் செலவை நகரத்தின் நான்கு பெரிய மிட்டாய்க் கடைகள் கொடுக்கின்றன, பள்ளி மருத்துவர்களின் சம்பளத்தை ஸாக்கர் ஓட்டலின் உணவு வரி கொடுக்கிறது என்று அவர் வரிசையாகச் சொன்ன பேச்சு வியன்னாவில் பிரசித்தம். எதிர்க்கட்சியினர் அதை வரி போல்ஷெவிசம் என்றார்கள்.

1923 செப்டம்பர் 21-ஆம் தேதி மன்றம் ஐந்து ஆண்டுகளில் 25,000 வீடுகள் கட்டத் தீர்மானித்தது. இதைக் கடன் வாங்கிக் கட்டலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. கட்டடம் நூறு ஆண்டு நிற்கும், அதன் செலவை இன்றைய வரி கட்டுகிறவர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும், பேரன் காலத்தவரும் பங்கு கொடுக்கட்டுமே என்பது நியாயமான வாதம். நகராட்சி நிதியில் பொதுவாக அதுதான் வழக்கமும் கூட. பிரைட்னர் மறுத்தார். அவருடைய மறுப்பைப் புரிந்துகொள்ள ஒரு மனக்கணக்குப் போதும். ஒரு வீட்டுக்கு 10,000 ஷில்லிங் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 சதவிகித வட்டிக்குக் கடன் என்றால் ஆண்டுக்கு வட்டி மட்டும் 800 ஷில்லிங். அசல் தனி. அதை யார் கட்டுவது? குடியிருப்பவரின் வாடகையில் ஏற்றினால் தொழிலாளியால் அங்கே குடியிருக்க முடியாது. வரியில் ஏற்றினால், அதே வரியில் நேரடியாகவே வீடு கட்டிவிடலாம். இடையில் வங்கிக்கு வட்டி கொடுக்கத் தேவையில்லை. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்திய பிறகு ஆஸ்திரியாவில் வட்டி விகிதம் கடுமையாக ஏறியிருந்த காலம் அது. இருபது ஆண்டு வங்கியில் இருந்தவருக்கு வட்டி எப்படிக் குட்டி போடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கடன் இல்லை என்பதால் வாடகையில் வட்டி இல்லை. வட்டியும் அசலும் இல்லாத வாடகை என்றால் பராமரிப்பு, தண்ணீர், துப்புரவு ஆகியவற்றின் செலவு மட்டும்தான். அதனால்தான் நகராட்சிக் குடியிருப்பின் வாடகை ஒரு சாதாரணத் தொழிலாளியின் சம்பளத்தில் ஏறத்தாழ 4 சதவிகிதமாக நின்றது.

அடுத்தது மனை. வாடகைக் கட்டுப்பாடும் புதிய வரிகளும் சேர்ந்து தனியார் கட்டுமானத்தை நிறுத்திவிட்டன. கட்டி வாடகைக்கு விட ஆளில்லாத ஊரில் மனைக்கு விலை ஏது? பணவீக்கக் காலத்திலும் அதன் பிறகும் நகராட்சி நிலத்தை வாங்கிக் குவித்தது. பெரிய அளவில் வாங்குகிறவர் நகரத்தில் அது ஒன்றுதான் என்பதால் விலையைச் சொல்வதும் அதுதான். செங்கல், சுண்ணாம்பு, மணல் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. சிலவற்றைத் தானே உற்பத்தியும் செய்தது.

எங்கே கட்டுவது என்பதையும் கணக்குத்தான் தீர்மானித்தது. போர் முடிந்த கையோடு வீடில்லாத ஆயிரக்கணக்கானோர் நகரத்தின் ஓரங்களில் காட்டை வெட்டித் தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். அந்த இயக்கம் வளர்ந்து ஒழுங்குபட்டது. தோட்டத்தோடு கூடிய சிறு வரிசை வீடுகளைக் கூட்டுறவாகக் கட்டத் தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் நகராட்சியின் குடியேற்ற அலுவலகத்தில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தார். தத்துவவாதி ஆட்டோ நாய்ராத், கட்டடக் கலைஞர் மார்கரெட் லிஹோட்ஸ்கி போன்றவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். மனிதனுக்குத் தோட்டமும் தரையும் வேண்டும் என்ற அவர்களுடைய வாதத்தில் உயிர் இருந்தது. ஆனால் ஊருக்கு வெளியே வீடு என்றால் புதுச் சாலை, புதுச் சாக்கடை, புதுக் குடிநீர்க் குழாய், புது டிராம் தடம், புதுப் பள்ளிக்கூடம். நகரம் வளர்வதற்கான செலவு வீட்டு விலையில் தெரியாது. நகராட்சியின் பட்ஜெட்டில்தான் தெரியும். வியன்னாவின் மக்கள்தொகையோ போருக்குப் பின் குறைந்திருந்தது. லூயேகர் காலத்தில் போட்ட குழாயும் தடமும் ஏற்கெனவே இருந்த இடங்களில், கட்டப்படாமல் கிடந்த காலி மனைகளில், பெரிய பெரிய அடுக்குக் குடியிருப்புகளாக எழுப்பிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். நகராட்சி அதைத் தேர்ந்தெடுத்தது. தோட்ட வீடுகள் ஓரத்துக்குப் போயின. மார்கரெட்டன் பகுதியில் கூர்ட்டல் என்ற சுற்றுச்சாலை ஓரத்தில் மெட்ஸ்லைன்ஸ்டாலர் ஹோஃப், ராய்மான் ஹோஃப் என்று வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்ததற்கு அழகியல் மட்டும் காரணமில்லை.

கட்டிய வீடுகள் சிறியவை. முதல் திட்டத்தில் நான்கில் மூன்று வீடுகள் 38 சதுர மீட்டர், மீதி 48 சதுர மீட்டர். குளியலறை கிடையாது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர்க் குழாய், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழிப்பறை, ஒவ்வொரு அறைக்கும் நேரடி வெளிச்சம். பழைய வாடகைக் கட்டடங்கள் மனையில் 85 சதவிகிதம் வரை அடைத்து நின்றன. இங்கே பாதிக்கு மேல் கட்டக்கூடாது. மனை மலிவு என்பதால் முற்றம் விடக் கட்டுப்படியானது. வீட்டுக்குள் இல்லாதவை முற்றத்தில் பொதுவாக வந்தன: குளியல் கூடம், இயந்திரச் சலவைக்கூடம், பாலர் பள்ளி, நூலகம், மருத்துவமனை. யாருக்கு வீடு என்பதைத் தேவையைப் புள்ளி போட்டு எண்ணித் தீர்மானித்தார்கள்; குழந்தைகள் உள்ள குடும்பம், போரில் ஊனமுற்றவர், ஈரமான நிலவறையில் இருப்பவர் என்று.

கார்ல் ஏன் வடிவமைத்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் 1930-இல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள், ஏறத்தாழ 5,000 பேர். மொத்த மனை 1,56,000 சதுர மீட்டர். அதில் கட்டடம் நிற்பது 18 சதவிகிதத்தில் மட்டும். மற்றதெல்லாம் புல்வெளியும் மரமும் விளையாட்டிடமும். முதல் 25,000 வீடுகள் சொன்ன காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டதால் 1927-இல் இன்னும் 30,000 வீடுகளுக்குத் திட்டம் போட்டார்கள். 1934-க்குள் கட்டிய வீடுகள் 60,000-க்கும் மேல். நகரத்தின் மக்களில் பத்தில் ஒருவர் அவற்றில் குடியேறினார்.

குறை சொன்னவர்கள் எல்லாரும் பணக்காரரின் கைக்கூலிகள் என்று எழுதினால் அது வரலாறாகாது. பொருளியலாளர்கள் லுட்விக் ஃபான் மீஸஸ், ஃப்ரீட்ரிக் ஹாயெக் இருவரும் அப்போது வியன்னாவில்தான் இருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாடு தனியார் கட்டுமானத்தைக் கொன்றது, பழைய கட்டடங்கள் பழுதுபார்க்க ஆளின்றிச் சிதைகின்றன, கிடைத்த வீட்டை விட மனமில்லாமல் மக்கள் வேலை இருக்கும் ஊருக்குப் போக மறுக்கிறார்கள் என்று ஹாயெக் எழுதினார். அவர் சொன்னவற்றில் உண்மை உண்டு. நகராட்சி ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் வீடு கட்டியது. பழைய ஒண்டுக்குடித்தனங்களில் இன்னும் லட்சக்கணக்கானோர் நடைவழிக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள். ஆனால் கட்டுப்பாட்டை நீக்கியிருந்தால் தனியார் வந்து தொழிலாளிக்கு வீடு கட்டியிருப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. கட்டுப்பாடே இல்லாத 1910-இல் அவர்கள் கட்டியது எப்படி இருந்தது என்பதை மேலே பார்த்தோம்.

பிரைட்னர் முறையின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. கடன் இல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டு வரவிலேயே கட்டுகிற நகரம், ஓர் ஆண்டு வரவு நின்றால் அந்த ஆண்டே கட்டுமானத்தை நிறுத்த வேண்டும். வரவில் ஒரு முக்கியப் பங்கு மத்திய அரசு பகிர்ந்தளிப்பது. மத்தியிலோ, வியன்னாவில் எதிர்க்கட்சியான கிறிஸ்தவ சமூகக் கட்சியின் ஆட்சி.

எதிரிகள் அதைக் கண்டுகொண்டார்கள். தேர்தலில் வெல்ல முடியவில்லை; 1927-இல் வியன்னாவின் ஓட்டில் 60 சதவிகிதம் சமூக ஜனநாயகக் கட்சிக்கே விழுந்தது. வெறுப்பு பிரைட்னர்மீது திரும்பியது. அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது அந்த வெறுப்புக்கு எண்ணெய் ஊற்றியது. 1930-இல் ஹைம்வேர் என்ற வலதுசாரித் தனிப்படையின் தலைவர் ஸ்டாரம்பெர்க், இந்த ஆசியனின் தலை மண்ணில் உருண்டால்தான் வெற்றி நமது என்று பிரைட்னரைக் குறித்துக் கூட்டத்தில் பேசினார். ஒரு நிதிப் பொறுப்பாளரின் தலையைக் கேட்கும் அளவுக்கு வரி அவர்களைச் சுட்டிருந்தது.

1931-இல் மத்திய அரசு வரிப் பகிர்வுச் சட்டத்தைத் திருத்தி வியன்னாவின் பங்கைக் குறைத்தது. அதே ஆண்டு மே மாதம் நாட்டின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் கவிழ்ந்தது. வேலையின்மை பெருகியது, ஆடம்பர வரியின் வரவு வற்றியது, நிவாரணச் செலவோ ஏறியது. 1932 நவம்பரில் பிரைட்னர் உடல்நலக் குறைவைக் காட்டி விலகினார். அவர் இடத்துக்கு ராபர்ட் டானபெர்க் வந்தார். 1933 மார்ச்சில் பிரதமர் டோல்ஃபஸ் நாடாளுமன்றத்தை முடக்கி, அவசர ஆணைகளால் ஆளத் தொடங்கினார். ஆணைக்கு மேல் ஆணையாக வியன்னாவின் வருமானத்தை வெட்டினார். மத்திய அரசின் செலவுக்கு நகரமே பணம் கட்ட வேண்டும் என்றும் ஆணை வந்தது. புதிய குடியிருப்புத் திட்டங்கள் நின்றன.

அதே மார்ச் மாதத்தில்தான் சிகிச்சைக்காக சுபாஷ் சந்திர போஸ் வியன்னா வந்து சேர்ந்தார். 1930-இல் கல்கத்தாவின் மேயராக இருந்தவர். அதற்கு முன் 1924-இல் அந்த மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரி. நகராட்சிக் கணக்கைப் பார்க்கத் தெரிந்த கண் அவருடையது. உடல்நிலை சரியில்லாத நிலையிலும் வியன்னா நகராட்சியின் பணிகளை நேரில் போய்ப் பார்த்தார். இரண்டு லட்சம் பேருக்கு வீடு கட்டியிருக்கிறார்கள், அதற்கான மூலதனத்தைக் கேளிக்கை போன்றவற்றின் மீதான வரியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள் என்று அந்த ஆண்டே கல்கத்தா மேயருக்குக் கடிதம் எழுதினார். கட்டடத்தைப் பார்த்துவிட்டு, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட இந்தியர் அவர்.

1934 பிப்ரவரி 12-ஆம் தேதி லின்ஸ் நகரில் அரசுப் படைகளுக்கும் சமூக ஜனநாயகத் தொழிலாளர்களுக்கும் இடையே தொடங்கிய துப்பாக்கிச் சண்டை அன்றே வியன்னாவுக்குப் பரவியது. மின்நிலையத் தொழிலாளர் மின்சாரத்தை நிறுத்த, டிராம்கள் நின்ற இடத்தில் நின்றன. அரசுப் படையினர் நகர மண்டபத்தில் நுழைந்து மேயர் கார்ல் ஸைட்ஸைக் கைது செய்தார்கள். ராணுவம் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது பீரங்கியால் சுட்டது. குடும்பங்கள் உள்ளே இருக்கும்போதே சுட்டார்கள் என்பதை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது. நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது. கட்சி தடை செய்யப்பட்டது, மன்றம் கலைக்கப்பட்டது, மத்திய அரசின் ஆணையர் நகரத்தை ஆண்டார். தனி மாநிலம் என்ற நிலையும் அதோடு போயிற்று. பிப்ரவரியில் குண்டு பாய்ந்தது சுவரில். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1931-இன் வரிப் பகிர்வுச் சட்டத்தில், அஸ்திவாரத்தைத் தோண்டிவிட்டிருந்தார்கள்.

டானபெர்க் 1942-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். பிரைட்னர் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு இருந்தவர், 1946-இல் கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் என்ற சிற்றூரில் காலமானார்.

1945-க்குப் பின் வியன்னா மறுபடி கட்டத் தொடங்கியது. பிரைட்னரின் ஏறுவிகித வரி அதே வடிவில் திரும்பவில்லை. இன்று சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, பாதி தொழிலாளியிடமும் பாதி முதலாளியிடமும், குடியிருப்பு ஊக்கப் பங்களிப்பாகப் பிடிக்கப்படுகிறது. கடனையும் நகரம் இப்போது பயன்படுத்துகிறது. ஆனால் அன்று வாங்கிய மனையும் கட்டிய வீடும் விற்கப்படவில்லை. பெர்லின், டிரெஸ்டன் போன்ற ஜெர்மானிய நகரங்கள் 1990-களிலும் 2000-களிலும் பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தங்கள் குடியிருப்புகளை மொத்தமாக விற்றபோதும் வியன்னா விற்க மறுத்தது. இடையில் 2004-க்குப் பின் சில ஆண்டுகள் நகராட்சி நேரடியாகக் கட்டுவதை நிறுத்தியிருந்தது. 2019-இல் புதிய குடியிருப்பு ஒன்றைத் திறந்து மறுபடி தொடங்கியது. இன்று நகராட்சிக்குச் சொந்தமான வீடுகள் ஏறத்தாழ 2,20,000.

அடுத்த இதழில் நாமும் கலிபோர்னியாவுக்குப் போவோம். 1978 ஜூன் 6-ஆம் தேதி அந்த மாநிலத்து வாக்காளர்கள் சொத்து வரி சொத்தின் மதிப்பில் 1 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதினார்கள். அதன்பின் அங்குள்ள நகராட்சிகள் வீடுகளைவிடக் கடைவீதிகளையும் கார் விற்பனைக் கூடங்களையும் விரும்பி அழைக்கத் தொடங்கின.

(தொடரும்)